பதினாறில் ஒன்று

பதினாறு முகப்புத்தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. இருபது பேர் இருக்க வேண்டிய அறையில் நான்கு பேர் வரவில்லை, வராதவர்களின் எண்களைச் சிவப்பு மையில் எழுதியாயிற்று, வினாத்தாள் கொடுத்தாயிற்று, இனி ஒன்றேகால் மணி வரை நிற்க வேண்டியதுதான். உட்காரக் கூடாது, எதையும் படிக்கக் கூடாது, ஜன்னல் பக்கம் போய் யாருடனும் பேசக் கூடாது, செல்போன் முதன்மைக் கண்காணிப்பாளர் அறையில் மற்ற டீச்சர்களின் போன்களோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அணைந்து கிடக்கிறது. நினைக்கக் கூடாது என்று மட்டும் விதி போடவில்லை, போட்டிருந்தால் உபகாரமாக இருந்திருக்கும். இன்றைக்கு இயற்பியல். உயிரியல் பரீட்சை அன்று எனக்கு டூட்டி கிடையாது, என் பாடம் என்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று பயம். சொல்லிக்கொடுத்துத்தான் பதினான்கு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன், என்ன பிரயோசனம், நேற்றுச் சாயங்காலம் மதுரையிலிருந்து டாக்டர் ஜெசிந்தா போன் பண்ணி என் பாடத்தையே எனக்கு நடத்தினார். பன்னிரண்டாவது குரோமோசோமில் ஒரு ஜீனாம். அம்மாவிடமிருந்து வந்த பிரதியிலும் ஒரு மாற்றம், அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் அதே இடத்தில் அதே மாற்றம், அதனால்தான் என் மகன் வாணனுக்குப் பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து நாலு வாரத்துக்கு ஒருதரம், ஐந்து வாரத்துக்கு ஒருதரம் காய்ச்சல் வருகிறது, நாலைந்து நாள் இருந்துவிட்டுத் தானாகப் போகிறது. ஒன்பது வருஷம் கழித்து என் பிள்ளையின் காய்ச்சலுக்கு ஒரு பேர் கிடைத்தது. பேர் கிடைத்ததும் ஒரு நிம்மதி வந்தது உண்மை, அது அரை நிமிஷம் கூட நிற்கவில்லை, ஏனென்றால் டாக்டர் அடுத்து, "ஒரே மாற்றம் ரெண்டு பக்கமும் இருக்கு செண்பகவல்லி. மறைக்காமச் சொல்லுங்க, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?" என்று கேட்டார்.

அத்தை மகன் மேடம் என்றேன். இரண்டு வார்த்தை. இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. வாணனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது முதன்முதலாக மதுரைக்குக் கூட்டிப்போனோம், அங்கே ஒரு பெரிய டாக்டர், எங்களுக்கு முன்னால் போன பெண்ணை அவர் கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரித் திட்டினார், "தாய்மாமனையே கட்டுவீங்க, அப்புறம் பிள்ளைக்கு அது சரியில்ல இது சரியில்லன்னு என்கிட்ட வந்து அழுவீங்க" என்று. அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள், அவள் கை பிடித்து வந்த பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தது. பிறகு நாங்கள். "என்னம்மா வேலை?" டீச்சர் சார். "என்ன சப்ஜெக்ட்?" பயாலஜி சார். "சொந்தத்துல கல்யாணமா?" அவர் பேனா காத்துக்கொண்டிருந்தது. பயாலஜி என்று சொல்லிவிட்ட வாயால் ஆமாம் என்று எப்படிச் சொல்வது. "இல்ல சார், அசல்" என்றேன். பக்கத்தில் இருந்த அத்தான் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், கம்பத்தில் ஏறி நிற்கிற ஆள், ஆனால் டாக்டர் முன்னால் வாய் திறக்க மாட்டார். டாக்டர் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து எழுதினார், உறவில்லாத் திருமணம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற சுருக்கம். அந்த மூன்று எழுத்து ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு, ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்கு எழுதப்பட்டுக்கொண்டே போனது, அப்புறம் யாரும் கேட்கவே இல்லை. டைபாய்டு என்றார்கள், சிறுநீரில் கிருமி என்றார்கள், டி.பி.யாக இருக்கலாம் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், கழுத்தில் நெறி கட்டுகிறதே என்று டான்சிலை எடுத்தார்கள், இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தபோது அவன் என் கையைக் கடித்தான். எல்லாம் ஒரு வார்த்தைக்காக. டாக்டர் ஜெசிந்தா திட்டவில்லை, "முதல்லயே சொல்லியிருந்தா இந்தப் பக்கம் முன்னாடியே பார்த்திருப்போம்மா" என்று மட்டும் சொன்னார், அவரும் களைத்துத்தான் இருந்தார். திட்டியிருக்கலாம்.

"டீச்சர், லாக் டேபிள்" என்று மூன்றாவது பெஞ்சுப் பையன் கையைத் தூக்குகிறான், மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று பார்த்துக் கொடுக்கிறேன். கால் வலிக்கிறது. அத்தான். அந்த வார்த்தையையும் அல்லவா ஆஸ்பத்திரியில் முழுங்கினேன். வீட்டில் பிறந்ததிலிருந்து அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், மதுரை பஸ் ஏறினால் என்னங்க. வாணன் ஒருதரம் ஸ்கேன் அறை வாசலில் சத்தமாகக் கேட்டான், "ஏம்மா இங்க மட்டும் அப்பாவை என்னங்கன்னு கூப்பிடுத?" சும்மா இருடா என்று தொடையில் கிள்ளினேன், காய்ச்சலோடு இருந்த பிள்ளையை. மாமியார் விஷயத்தில் அந்தக் கஷ்டம் இல்லை, மாமியாரை ஊரில் எல்லாரும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள், என் அத்தை உண்மையிலேயே என் அப்பாவோடு பிறந்தவள் என்பது அதில் தெரியாது. அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒரே பிடிவாதம், பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும் என்று. நான் அத்தானுக்கு, அத்தானின் தங்கை உலகம்மாள் என் தம்பி கோமதிநாயகத்துக்கு. ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், இரண்டு ஜோடி, சாப்பாட்டுச் செலவு பாதி என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டார்கள். இப்படிக் கட்டினால் ஒரு வசதி, ஒரு பெண்ணைக் கஷ்டப்படுத்தினால் அந்த வீட்டுப் பெண் இந்த வீட்டில் கஷ்டப்படுவாள், அதனால் இரண்டு பேருமே பத்திரம். அதே காரணத்தால் இரண்டு பேருமே மாட்டிக்கொண்டோம் என்பதை யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை, நானும் படித்தவள், வம்சாவளிப் படத்தில் கட்டமும் வட்டமும் போட்டு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு இழுத்துப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவள், வாயை மூடிக்கொண்டு மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டேன். பிடித்திருந்தது என்பதும் உண்மை. அவரைச் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும்.

மணி பதினொன்று இருக்கும். வாணன் இந்நேரம் உலகு வீட்டில் படுத்திருப்பான். காய்ச்சல் வந்து நாலாவது நாள், இன்றைக்கு இறங்கிவிடும், இறங்கும்போது தலையணை நனைகிற அளவுக்கு வேர்க்கும், பிறகு ரசம் சாதம் கேட்பான். வருகிறபோது அவனுக்கே தெரியும், "அம்மா, வருது" என்பான், வாசலில் பஸ் வருகிறதைச் சொல்வது போலச் சாதாரணமாக, உடனே நடுக்கம், அரை மணி நேரத்தில் நூற்று மூன்று, கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்கு நெறி, வயிற்று வலி, வாந்தி, வாயெல்லாம் புண், தோளில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. மூன்றாம் மாதத் தடுப்பூசி போட்ட அன்றைக்கு ஆரம்பித்தது, ஊசிக்காய்ச்சல் என்று நர்ஸ் சொன்னாள், அது போய்விட்டுத் திரும்ப வந்தபோது நான் லீவ் எடுத்தேன், அப்புறம் லீவ் தீர்ந்துபோனது. "நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க மதினி, நான் பாத்துக்கிடுதேன்" என்று உலகு சொன்னாள். அடுத்த தெருதான். ஒன்பது வருஷமாக என் பிள்ளையின் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டது அவள்தான், துணி நனைத்துப் போட்டது, வாந்தியைத் துடைத்தது, கஞ்சியை ஆற்றி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தது. எட்டாவதுக்கு மேல் படிக்காதவள். ஒவ்வொரு காய்ச்சல் நாளுக்கும் தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப்போடாமல், பின்பக்கத்தில் எத்தனை டிகிரி, எத்தனை தடவை வாந்தி, என்ன சாப்பிட்டான் என்று பென்சிலில் எழுதி ஒரு கம்பியில் குத்திக் குத்தி வைத்திருந்தாள். போன வருஷம் டாக்டர் ஜெசிந்தாவிடம் முதல்முறை போனபோது அந்தக் கம்பியைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள், எனக்கு அதை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது, ராகுகாலமும் எமகண்டமும் அச்சடித்த தாளை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று. டாக்டர் ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார், தேதிகளை எண்ணினார், நிமிர்ந்து, "இதை யாரும்மா எழுதினது?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் ஜீன் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். நான் சொன்ன பொய்யால் மூடியிருந்த கதவை அவள் பென்சிலால் திறந்தாள் என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொண்டதோடு சரி, அவளிடம் சொல்லவில்லை.

அந்த உலகு இப்போது ஒன்பது வாரம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியிருக்கிறது. நேற்று டாக்டரிடம் இதைச் சொன்னபோது எத்தனை வாரம் என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "உடனே அவங்ககிட்ட சொல்லுங்க. ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கட்டும். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இல்லைன்னா பயமே இல்ல. ரெண்டு பேருக்கும் இருந்தா, பன்னிரண்டு வாரத்துக்குள்ள தெரிஞ்சாத்தான் என்ன செய்யலாம்னு அவங்க யோசிக்க நேரம் இருக்கும்" என்றார். கணக்கு எனக்கே தெரியும். என் தம்பிக்கு அந்த மாற்றம் இருக்கப் பாதிக்குப் பாதி, உலகுவுக்கும் பாதிக்குப் பாதி, இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு நாலில் ஒன்று. எல்லாம் பெருக்கினால் பதினாறில் ஒன்று. அதனால்தான் இந்த அறையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இருபது பேரும் வந்து தொலைத்திருக்கக் கூடாதா, சரியாகப் பதினாறு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், கண் தானாக எண்ணுகிறது, எண்ணி ஒருவரிடம் போய் நிற்கிறது. ஜன்னலோரத்தில் இரட்டைச் சடை போட்ட பெண்ணா, வேண்டாம், பாவம், மணிக்கட்டில் பேனா மை. கடைசி பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற நெட்டையனா. அவனைப் பெற்றவளுக்கும் அவன் ஒருத்தன்தானே. பதினாறில் பதினைந்து பேர் நல்லபடியாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன், அதுவும் அதே கணக்குதான், அப்படிச் சொன்னால் ஆறுதலாக இருக்கிறது, இப்படிச் சொன்னால் பயமாக இருக்கிறது. வாணன் விஷயத்தில் நாலில் மூன்று நன்றாக இருந்திருக்க வேண்டும். மறுபடி முதல் பெஞ்சிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறேன்.

பறக்கும் படை வந்துவிட்டுப் போனது. ஒரு வயதான அதிகாரி, பையன்களின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்து, "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா? முகம் வெளுத்திருக்கே" என்றார். ஒன்றுமில்லை சார், நின்றுகொண்டே இருக்கிறேன் அல்லவா. "இன்னும் ஒரு மணி நேரம்தான், சமாளிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். சமாளிப்பது எனக்குப் புதிதா. காலையில் அத்தானிடம்தான் சமாளிக்க முடியவில்லை. பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விடும்போது, "உலகுகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத" என்றார். எப்ப சொல்றது அத்தான், பிள்ளை பிறந்தபிறகா? "அவ மனசு தாங்காது. பயத்துலயே கலைஞ்சிரும். அப்புறம் ஊர் என்ன சொல்லும், நீ சொல்லித்தான் கலைஞ்சுதுன்னு சொல்லும். உன் தம்பியும் அதைத்தான் சொல்லுவான்." அதுவும் நியாயம்தான். அவர் தங்கைக்காகப் பயப்படுகிறார், நான் யாருக்காகப் பயப்படுகிறேன் என்பதுதான் தெரியவில்லை. சொன்னால் ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று கேட்பாள், அப்போது அந்த அசலையும் சொல்ல வேண்டும், நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் இவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், மாசமாவதற்கு முன்னாலேயே ரத்தம் கொடுத்திருப்பாள், நிதானமாக யோசித்திருப்பாள். இப்போது மூன்று வாரம் இருக்கிறது. என் கௌரவத்துக்காக என் பிள்ளை மஜ்ஜை கொடுத்தான், இனி இவள் என்ன கொடுக்கப் போகிறாளோ. வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தை விடவும் அசதியாக இருக்கிறது, அதுதான் கொடுமை, வெட்கப்படக்கூடத் தெம்பில்லை. போன வருஷம் ஒரு மத்தியானம், மூன்றாவது நாள் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை, உலகு ஊரில் இல்லை, ஐந்தாவது தடவை வாந்தியை வழித்துவிட்டு நிமிர்ந்தபோது, இது முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். எது என்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், "சாரிம்மா" என்றான். பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு அவனுக்குக் காரட் அல்வா பண்ணிக் கொடுத்தேன், வாய்ப்புண்ணோடு அவனும் சாப்பிட்டான்.

சொல்லிவிட வேண்டும். போன் கையில் வந்ததும் வராண்டாவில் நின்றே சொல்லிவிட வேண்டும், பஸ் ஏறினால் தைரியம் போய்விடும், வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்தால் சுத்தமாகப் போய்விடும். அவளைக் குறுக்கே பேச விடக் கூடாது, பேசவிட்டால் சாப்பிட்டீங்களா மதினி என்று ஆரம்பிப்பாள், அதோடு நான் அழுதுவிடுவேன். முதலில் ரிப்போர்ட் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். பிறகு பயப்பட ஒன்றுமில்லை, ஒரு ரத்தப் பரிசோதனைதான் என்று. பிறகு அசல் என்று நான் சொன்ன பொய்யை. இல்லை, அந்தப் பொய்யை முதலில் சொல்லிவிடலாம், தப்பை முதலில் ஒப்புக்கொண்டால் மீதியைச் சொல்வது சுலபம். "டீச்சர், டைம்?" இரட்டைச் சடைக்காரி. பன்னிரண்டு ஐம்பது என்கிறேன், அவள் பெருமூச்சு விட்டுக் குனிகிறாள். பதினாறில் ஒன்று என்று சொல்லலாமா, அவளுக்கு அது சின்னதாகத் தெரியுமா பெரியதாகத் தெரியுமா. எனக்கே தெரியவில்லை. கடைசி ஐந்து நிமிடத்துக்கான மணி அடிக்கிறது, எழுந்து நிற்காதீங்க, எண்ணைச் சரிபாருங்க என்று என் வாய் சொல்கிறது, அடுத்த மணிக்குக் கைகள் விடைத்தாள்களை வரிசையாக வாங்குகின்றன, பதினாறு, ஒருமுறை எண்ணி, மறுமுறை எண்ணி, படியிறங்கி, முதன்மைக் கண்காணிப்பாளர் அறையில் ஒப்படைத்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, டப்பாவிலிருந்து என் போனைத் தேடி எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "உலகு, நான் முடிக்கிற வரைக்கும் நீ பேசாத, பேசினா என்னால சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தேன், பிறகு நிற்கவில்லை. ரிப்போர்ட் வந்திருச்சு, இது எங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அவனுக்குப் போயிருக்கு, உனக்கும் தம்பிக்கும்கூட இருக்கலாம், டாக்டர் கேட்டப்போ நான் சொந்தமில்லன்னு பொய் சொன்னேன், வெக்கப்பட்டுச் சொன்னேன், அதனாலதான் இவ்வளவு நாள் ஆச்சு, உங்க அண்ணன் சொல்லாதன்னாங்க, என்னால முடியல, நாளைக்கே ரெண்டு பேரும் மதுரைக்குப் போய் ரத்தம் குடுங்க. அவள் ஒன்றும் பேசவில்லை, நான் சொன்னபடியே இருந்தாள், அந்த மௌனம் தாங்காமல் நான் இன்னும் பேசினேன், ஒத்திகையில் இல்லாததையெல்லாம் பேசினேன். "பாவம் பார்க்காத உலகு. கடவுள் குடுத்ததுன்னு நினைக்காத. ஒன்பது வருஷமா நான் படுறதை நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க. வாணனை மாதிரி இன்னொண்ணு நம்ம வீட்டுக்கு வேண்டாம். எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருந்தா நான் பெத்திருக்கவே மாட்டேன்." அப்போதும் அவள் பேசவில்லை. உலகு, உலகு என்று இரண்டு முறை கூப்பிட்டேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, பிறகு காய்ச்சல் இறங்கிய தொண்டையில் கம்மலாக, "அம்மா, அத்தை மாடியில துணி எடுக்கப் போயிருக்கா" என்றான் வாணன். "வந்ததும் நான் சொல்லுதேன்." அப்புறம் கேட்டான், "எல்லாத்தையும் சொல்லணுமாம்மா?"